செவலைக்கு மூச்சுக் கொடுத்தவர்

கால்நடை மருத்துவர் வந்த அன்று லாயத்தில் இருந்தவர்கள்: அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், லாயத்துக்குச் சொந்தக்காரர். அக்கா, கையில் துடைப்பத்தோடு. நான், சாணம் அள்ளும் கூடையோடு. மருத்துவர், ரப்பர் பூட்ஸும் முகக்கவசமும் போட்ட ஒரு அம்மா. அவருக்குத் துணையாக அனுப்பப்பட்ட போலீஸ்காரர், குதிரைக்குப் பயந்து கேட்டைத் தாண்டி வராதவர். லாடக்காரர், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எங்கள் தண்ணீர்த் தொட்டி மேல் வந்து உட்கார்ந்துகொள்பவர். செவலை, பெண்குதிரை. சோம்பேறி, காயடித்த ஆண்குதிரை. மூன்றாவது கொட்டில் காலி. அதிலிருந்த வெள்ளை போன மாதம் இருமி இருமிச் செத்தது.

வெள்ளை செத்ததால்தான் மருத்துவரே வந்தார். முதல் தடவை வந்தபோது மற்ற இரண்டுக்கும் ரத்தம் எடுத்துப் போயிருந்தார். இப்போது முடிவோடு வந்திருந்தார். சோம்பேறிக்கு ஒன்றும் இல்லை. செவலைக்குக் கிளாண்டர்ஸ்.

"குதிரைக்கு வர்ற நோயில இதுதான் மோசம். மருந்து கிடையாது. இன்னொரு தடவ ரத்தம் எடுத்துத் தலைமை ஆய்வகத்துக்கு அனுப்புறேன். அங்கயும் இருக்குன்னு சொல்லிட்டா ஊசி போட்டு முடிச்சுடணும். சட்டம் அது. நான் பாத்து விட்டுடலாம்னு இல்ல."

அத்தான் செவலையின் விலாவைத் தட்டிக் காட்டினார். முடி பளபளவென்று இருந்தது. தின்கிறது, குடிக்கிறது, காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மைதானத்தைச் சுற்றுகிறது, இதுவா சாகப்போகிற குதிரை என்று கேட்டார். சில குதிரைகள் நோயை வருஷக்கணக்கில் வெளியே காட்டாமல் சுமக்கும் என்றார் மருத்துவர். வெள்ளைக்கு இதிலிருந்துதான் போயிருக்கும் என்றும் சொன்னார். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். அத்தான் முகம் சுண்டிப்போயிற்று.

லாடக்காரர் தொட்டி மேலிருந்து வாயைக் கொடுத்தார். "டாக்டரம்மாவுக்குக் குதிரைல எந்தப் பக்கம் ஏறணும்னு தெரியுமா?"

"தெரியாது. நான் ஏற வரல" என்றார் மருத்துவர், ஊசியில் ரத்தத்தை இழுத்தபடி. 

கிளம்பும்போது மருத்துவர் அத்தானிடம் ஒன்று கேட்டார். இந்தக் குதிரையின் முகத்தருகே யாராவது முகத்தைக் கொண்டுபோகிற பழக்கம் உண்டா? இது மூச்சிலும் சளியிலும் பரவும். மனிதனுக்கும் வரும். வந்தால் லேசில் விடாது. அத்தான் இல்லை என்றார். அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

அவள் போனதற்குக் காரணம் உண்டு. குதிரை பழக்குகிறவர்களுக்குள் மூச்சுக் கொடுப்பது என்று ஒரு வழக்கம் இருக்கிறது. இரண்டு குதிரைகள் முதன்முதலாகச் சந்தித்தால் மூக்கோடு மூக்கு வைத்து ஒன்றின் மூச்சை மற்றது இழுத்துப் பார்க்கும். பழக்குகிறவரும் அதையே செய்வார். புதுக்குதிரையின் மூக்குத் துவாரத்தில் தன் வாயை ஒட்டி மெல்ல ஊதுவார், அது விடும் மூச்சைத் தான் இழுத்துக்கொள்வார். மற்றவர்கள் ஒரு குதிரைக்கு ஒரு முறை செய்வதோடு சரி. செவலைக்கு அது போதவில்லை. அதை முன்பு வைத்திருந்தவன் சங்கிலியால் முகத்தில் அடிப்பவன். தலைப்பக்கம் ஒரு கை வந்தாலே பின்னங்காலில் எழுந்துவிடும். அத்தான் தினமும் காலையில் மூச்சுக் கொடுத்தால்தான் தலையைத் தாழ்த்திக் கடிவாளத்தை வாங்கும். அவர் அதை வாங்கி வந்ததிலிருந்து ஒரு நாள்கூடத் தவறியதில்லை. "நமக்குக் கல்யாணம் ஆன புதுசுலகூட என் மூஞ்சிகிட்ட இவ்வளவு நேரம் நின்னதில்ல" என்று அக்கா அடிக்கடி சொல்வாள். முன்பெல்லாம் சிரித்துக்கொண்டு சொல்வாள்.

எனக்கு இதில் என்ன வேலை என்றால், எனக்கு வேறு வேலை இல்லை என்பதுதான். ஒரு கிடங்கில் ராத்திரி ஷிப்டில் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் போகப் பிடிக்கவில்லை, போகவில்லை. மறுநாளும் பிடிக்கவில்லை. அக்கா கூப்பிட்டாள், வந்தேன். சாணம் அள்ளுவது அட்டைப்பெட்டியைவிட மோசமில்லை. குறைந்தபட்சம் அது எங்கிருந்து வருகிறதென்று தெரியும்.

செவலையைக் கொல்ல விடுவதில்லை என்று அத்தான் அன்று சாயங்காலமே முடிவு செய்துவிட்டார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு அரசாங்கம், வேறு அலுவலகம். அங்கே அவருடைய அண்ணன் மேய்ச்சல் நிலம் வைத்துக் குதிரை வளர்க்கிறார். அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டால் இந்தப் பக்கத்துக் காகிதம் அங்கே செல்லாது என்பது அவர் கணக்கு. லாரியில் ஏற்ற முடியாது. குதிரை ஏற்றிய லாரி எதுவானாலும் சோதனைச் சாவடியில் மறித்து நோயில்லை என்ற சான்றிதழ் கேட்டார்கள். ஆனால் முதுகில் ஆள் உட்கார்ந்து போகிற குதிரையை யாரும் சரக்கு என்று நினைப்பதில்லை. ஓட்டிக்கொண்டே போய்விடலாம் என்றார். அண்ணனுக்குப் போன் போட்டு, லாயம் இருக்கும் இடத்தைக் காலி செய்யச் சொல்கிறார்கள், குதிரைகளோடு வருகிறேன் என்றார். நோயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

அக்கா என்னைத் தனியாக அழைத்தாள். "அந்த ஆளத் தடுக்க என்னால ஆகாது. நீ கூடப் போ. மூஞ்சிகிட்டப் போகவிடாதே. தினம் எனக்குப் போன் பண்ணு."

செவலை தனியாகப் பயணம் போகாது, கூட ஒரு குதிரை வேண்டும். ஆகவே சோம்பேறியும் நானும். செவலை பிழைக்க வேண்டும் என்று நானும் நினைத்தேன். முடி அப்படி மின்னுகிற குதிரைக்குள் அப்படி ஒரு நோய் இருக்கும் என்று எனக்கும் நம்ப முடியவில்லை. ஆனாலும் தண்ணீர் வாளி இரண்டு எடுத்துக்கொண்டேன். ஒன்றில் சிவப்புத் துணி கட்டினேன். அது செவலைக்கு.

கிளம்பிய காலையில் அக்கா முகக்கவசம் ஒன்றை எடுத்து வந்து அத்தான் காதில் தானே மாட்டிவிட்டாள். அவர் கடிவாளத்தோடு போனார். செவலை காதுகளைப் பின்னால் மடித்தது. கிட்டே போனதும் பின்னங்காலில் எழுந்து நின்றது. இறங்கியபோது குளம்பு அவர் தோளை உரசிக்கொண்டு போயிற்று. மறுபடி போனார், மறுபடி எழுந்தது. கொட்டில் கம்பி வளைந்தது. பக்கத்து மாடியில் ஒருவர் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார். அத்தான் அக்காவைப் பார்க்காமல் கவசத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். செவலையின் மூக்கில் வாயை வைத்து ஊதினார். அது விட்ட மூச்சை இழுத்துக்கொண்டார். தலை தாழ்ந்தது. கடிவாளம் ஏறியது.

அக்கா எங்களுக்குக் கட்டி வைத்திருந்த சாப்பாட்டை என் கையில் கொடுத்தாள், அவர் கையில் கொடுக்கவில்லை.

பட்டப்பகலில்தான் போனோம். அந்தத் தெருக்களில் எங்கள் குதிரைகள் நடப்பது தினமும் பார்க்கிற காட்சி. மருத்துவரோடு வந்த அதே போலீஸ்காரர் சந்திப்பில் நின்று போக்குவரத்தை நிறுத்தி எங்களுக்கு வழிவிட்டார். குதிரை தூரமாகப் போனால் சரி என்று நினைத்திருப்பார்.

நெடுந்தூரம் குதிரையில் போவதைப் பற்றி எல்லோருக்கும் ஒரு நினைப்பு இருக்கிறது. காற்றில் முடி பறக்க, பாய்ச்சலில். அப்படி ஒன்றும் இல்லை. பெரும்பாலும் நடைதான். இறக்கத்தில் இறங்கிக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். முதல் நாள் முடிவில் என் தொடை இரண்டும் உள்பக்கம் தோலுரிந்திருந்தது. அங்கவடியிலிருந்து கால் எடுத்தால் முட்டி மடங்கவில்லை. அத்தான் என்னைக் கீழே இறக்கிவிட்டு, உட்காரும் இடத்தில் என்ன வைத்திருக்கிறாய், வெண்ணெயா என்று கேட்டார். அவருக்கு அன்று நல்ல மனநிலை.

ஊரின் ஓரம் முடிய நேரம் எடுத்தது. கிடங்குகள், மரம் அறுக்கும் இடங்கள், பழைய டயர் குவித்த காலி மனைகள், அதற்கப்புறம் கால்வாய்க் கரை. கரை மேல் மண் பாதை, குதிரைக்கு நல்லது. பெரிய சாலையைக் குறுக்கே கடக்கும்போதுதான் தொல்லை. லாரிக்காரர்கள் வேண்டுமென்றே ஹாரன் அடித்தார்கள். பெட்ரோல் பங்க்கில் தண்ணீர் கேட்டபோது, டீசலா பெட்ரோலா என்று கேட்டுவிட்டு ஊழியர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். இந்த நகைச்சுவையை ஒவ்வொரு பங்க்கிலும் கேட்டோம். எல்லோரும் தாங்களே கண்டுபிடித்ததுபோலச் சொன்னார்கள். போட்டோ எடுத்தவர்கள் செவலையின் கழுத்தைக் கட்டிக்கொள்ள வந்தபோது நான் குதிரை கடிக்கும் என்று சொல்லி விரட்டினேன். அத்தான் என்னை முறைத்தார். அது கடித்ததே இல்லை என்று அவர்களிடம் சொன்னார்.

தூக்கம் கிடைத்த இடத்தில். எடைமேடைக் கொட்டகை, பாதி கட்டி நிறுத்திய வீடு, ஒரு இரவு மாட்டுச் சந்தைத் திடல். சந்தைத் திடலில் மாடுகளுக்குப் பக்கத்தில் கட்ட வேண்டாம் என்றேன். மாட்டுக்கு இது வராது என்றார். அதை மருத்துவர் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். மருத்துவர் சொன்னதில் தனக்கு வேண்டியதை மட்டும் அவர் நம்பினார்.

காலையில் எழுந்ததும் முதல் வேலை மூச்சுக் கொடுப்பது. நான் எதிரில் போய் நிற்பேன். என்னைச் சுற்றிக்கொண்டு போய்ச் செய்வார். சேணம் வைத்துவிட்டு வெறும் கயிற்றில் இழுத்துப் போகலாமே என்றேன். கடிவாளம் இல்லாமல் லாரி வருகிற சாலையில் அதை யார் பிடிப்பது என்று கேட்டார்.  அந்தக் குதிரையை அவர் உயிரோடு கொண்டுபோக வேண்டுமானால் அதன் மேல் ஏற வேண்டும், ஏற வேண்டுமானால் அதன் மூச்சை வாங்க வேண்டும். வேறு வழி இருந்திருந்தால் அவரும் செய்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

மலைப்பாதையில் மழை பிடித்துக்கொண்டது. மேலே ஏறி முடித்தபோது செவலை இருமியது. ஈரம் என்றார் அத்தான். மறுநாள் அதன் இடது மூக்கில் மஞ்சளாகப் பசை போல ஒழுகியது. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, நனைத்து, அதைத் துடைத்தார். துண்டைப் பிழிந்து மறுபடி தலையில் கட்டிக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரிந்ததும், "உனக்குச் சளி பிடிச்சதில்லையா மச்சான்?" என்றார்.

பின்னங்காலின் உட்புறத்தில் கொட்டை கொட்டையாக வீங்கியிருந்ததைப் பார்த்தது நான்தான். ஒரு நரம்பை ஒட்டி வரிசையாக, கயிற்றில் முடிச்சுப் போட்ட மாதிரி. ஒன்று உடைந்து வடிந்துகொண்டிருந்தது. பூச்சிக்கடி என்றார். பூச்சி வரிசையில் நின்று கடிக்குமா என்று கேட்டேன். அவர் சேணத்தின் வயிற்றுப்பட்டையை இறுக்கிக்கொண்டே இருந்தார், இறுக்க வேண்டிய அளவைத் தாண்டியும்.

அன்று முதல் செவலை தீவனத்தைப் பாதியில் விட்டது. அதன் வாளியிலிருந்து தண்ணீரை எடுத்துத் தன் முகத்தில் அடித்துக்கொண்டார் அத்தான். வெயில் இல்லாத நாள் அது. அவர் நெற்றி வியர்த்திருந்தது.

அதற்கடுத்த காலையில் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல வலி என்றார். தொட்டேன், கொதித்தது. மாத்திரை வாங்கி வர நான் சோம்பேறி மேல் ஏறி ஒரு சின்ன ஊருக்குப் போனேன். மருந்துக்கடைக்காரர் யாருக்கு, எத்தனை நாளாக, வேறென்ன தொந்தரவு என்று கேட்டார். குதிரை வளர்க்கிறவர் என்று வாய்வரை வந்தது, சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். சாதாரணக் காய்ச்சல் மாத்திரை கொடுத்தார். கடை வாசலில் நின்று அக்காவுக்குப் போன் செய்தேன்.

நான் பேசுவதற்கு முன் அவள் பேசினாள். இரண்டாவது முடிவும் வந்துவிட்டது. செவலைக்கு நோய் உறுதி. மருத்துவர் ஊசியோடு வந்து காலிக் கொட்டிலைப் பார்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டாராம். கோபப்படவில்லையாம். அத்தானுக்குக் காய்ச்சல் வந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டாராம். நான் உண்மையைச் சொன்னேன்.  பிறகு அக்கா, தன் ஓரகத்திக்குச் சின்னக் குழந்தை இருப்பதை நினைவூட்டினாள். அத்தானின் அண்ணன் மனைவியைச் சொன்னாள். அவ்வளவுதான் பேச்சு.

திரும்பி வந்து முடிவைச் சொன்னேன். அத்தான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கேட்டுவிட்டு, ஆற்றைத் தாண்டிவிட்டால் அந்தக் காகிதத்துக்கு மதிப்பில்லை என்று பழையதையே சொன்னார்.

"காகிதத்த விடுங்க அத்தான். உங்க அண்ணன் குதிரைங்க என்ன ஆகும்? அங்க குட்டி போட்டதெல்லாம் இருக்கு."

"தனியா கட்டுவோம்."

"நம்ம லாயத்துலயும் தனித்தனியாத்தான் கட்டியிருந்தோம். வெள்ளைக்கு வரலையா?"

அவர் எழுந்தார். எழுந்த வேகத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டார். "உனக்கு இது ஒரு குதிரை, மச்சான். நாளைக்கு வேற ஒண்ணு வாங்கினா அதுக்கும் சாணம் அள்ளுவ. எனக்கு அப்படி இல்ல. நான் போறேன். நீ வர்றதுன்னா வா."

மூச்சுக் கொடுக்க அவர் செவலையிடம் போனபோது நான் குறுக்கே நிற்கவில்லை. நின்று என்ன ஆகப்போகிறது. ஏற மூன்று தடவை முயன்று ஏறினார்.

கடைசிப் பகுதி சமவெளி. செங்கல் சூளைகள், நாணல், தூரத்தில் ஆறு. அத்தான் சேணத்தில் முன்னால் சரிந்து செவலையின் பிடரியைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவர் முழங்கையில் ஒரு கட்டி வந்திருந்தது. சட்டைக் கையை இறக்கி அதை மறைத்துக்கொண்டார். செவலை இருமும், அவர் இருமுவார். யார் இருமியது என்று திரும்பிப் பார்ப்பதை நான் நிறுத்திவிட்டேன். இவரை ஏதாவது ஒரு ஆஸ்பத்திரி வாசலில் விட்டுவிடலாம் என்று வழி நெடுக யோசித்தேன். குதிரையை விட்டுவிட்டு அவர் வாசல் ஏற மாட்டார். நான் தூக்கிக்கொண்டு போகிற அளவுக்கு அவர் ஒன்றும் இளைத்துவிடவில்லை. தவிர, ஆற்றைத் தாண்டினால் அங்கே அவர் பேச்சைக் கேட்கிற ஒருவரும், அவரை அதட்டக்கூடிய ஒருவரும் இருந்தார். இரண்டும் ஒரே ஆள்.

ஆற்றில் தண்ணீர் குதிரையின் வயிறு வரைதான். மணல் லாரிகள் போய்ப் போய்ப் பாதை விழுந்திருந்தது. சோம்பேறி நடுவில் நின்று சிறுநீர் கழித்தது. அத்தான் திரும்பிப் பார்த்து, எல்லையைத் தாண்ட வரி கட்டுகிறான் என்றார். அந்தக் காய்ச்சலிலும் சிரித்தார். அக்கரையில் ஏறியதும் செவலையின் கழுத்தில் முகம் புதைத்து ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. கேட்காத தூரத்தில்தான் நான் வந்துகொண்டிருந்தேன்.

அவருடைய அண்ணனை நான் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். சாயங்காலம் அவர் நிலத்தை நெருங்கியபோது ஸ்கூட்டரில் எதிரே வந்தார். முதலில் தம்பியைத்தான் பார்த்தார். அப்புறம் குதிரையைப் பார்த்தார். அப்புறம் தம்பியைப் பார்க்கவில்லை. ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே செவலையைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார். மூக்கு, பின்னங்கால், விலா. குதிரை வளர்க்கிறவருக்குப் பார்த்தால் தெரியும்.  "வா, வா, உடம்புக்கு முடியலயாடா உனக்கு, வீட்டுல வெந்நீர் போடச் சொல்றேன்" என்று மட்டும் சொன்னார்.

கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் தாய்க்குதிரைகள் குட்டிகளோடு மேய்ந்துகொண்டிருந்தன. புதுக்குதிரை வாசம் பட்டு இரண்டு குட்டிகள் வேலிக்கு ஓடி வந்து மூக்கை நீட்டின. நான் சோம்பேறியைக் குறுக்கே விட்டு மறித்தேன். அத்தான் வேலிக் கேட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.

பெரியத்தான் என் கடிவாளத்தைப் பிடித்து நிறுத்தினார். குரல் தாழ்ந்திருந்தது. "எடத்தக் காலி பண்ணச் சொன்னாங்கன்னு சொன்னான். அதுதானா?"

"இல்ல பெரியத்தான்."

"என்ன?"

சொன்னேன். நோயின் பெயர், இரண்டு தடவை பரிசோதித்தது, வெள்ளை செத்தது, அத்தானுக்குக் காய்ச்சல் எப்போதிலிருந்து, முழங்கையில் கட்டி. மறைக்க ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. அவர் நோயின் பெயரைக் கேட்டதும் கடிவாளத்திலிருந்து கையை எடுத்துத் தன் சட்டையில் துடைத்துக்கொண்டார். தொட்டது சோம்பேறியின் கடிவாளம், ஆனாலும் துடைத்தார்.

"வழி முழுக்க நீ கூட இருந்தியே" என்றார். குற்றம் சொல்கிற குரலில்லை. கணக்குப் பார்க்கிற குரல். நான் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு அவர் வேகமாக நடந்தார். அத்தானை முந்திப் போய்க் கேட்டில் கை வைத்து நின்றார். மேய்ச்சல் நிலத்தில் ஒரு முரட்டுக்குதிரை இருக்கிறது, புதுசைக் கடித்துவிடும், இன்று பழைய விதைக் கிடங்கில் கட்டு என்றார். விதைக் கிடங்கு மற்றதிலிருந்து தள்ளி, கல் சுவரும் தகரக் கூரையும் கனத்த மரக்கதவுமாக இருந்தது. ஜன்னல் இல்லை, கூரைக்குக் கீழே காற்றுக்கு ஓட்டை மட்டும். அத்தான் அதைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியாது, எனக்கு முகத்தை வைத்துக்கொள்ளத் தெரிந்ததே இல்லை.

"சொல்லிட்டியா?" என்றார்.

"சொல்லிட்டேன் அத்தான்."

திட்டுவார் என்று நினைத்தேன். இறங்கினார், கால் மடங்கி உட்கார்ந்தார், செவலையின் முன்காலைப் பிடித்து எழுந்தார். பெரியத்தான் கை கொடுக்க ஒரு அடி வந்துவிட்டு நின்றுவிட்டார். வீட்டுப் பக்கமிருந்து ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்டது. பெரியத்தான் மனைவியின் குரலும் கேட்டது. மூன்று பேரும் அந்தப் பக்கம் திரும்பினோம்.

"ஆபீசுக்குச் சொல்லுவியாண்ணே?" என்று அத்தான் கேட்டார்.

"சொல்லணும்டா. உனக்கும் ஆஸ்பத்திரிக்கு வண்டி கூப்பிடணும்."

"வர்றதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"காலை ஆயிடும். இந்த நேரத்துக்கு எவன் வரான்."

அத்தான் ஆறு இருந்த திசையைப் பார்த்தார், பிறகு கிழக்கே போகிற மண் பாதையைப் பார்த்தார். அவர் என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. பெரியத்தானுக்கும் தெரிந்தது. காலை வரை நேரம் இருக்கிறது, குதிரை இன்னும் நடக்கிறது. பெரியத்தான் பேச்சுக் கொடுத்தபடியே அந்தப் பாதைக்கும் குதிரைக்கும் நடுவில் வந்து நின்றார். நீ வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொள், நான் அதைக் கட்டிவிடுகிறேன் என்றார். அத்தான் சிரித்தார்.

"உன்னக் கிட்டச் சேக்காதுண்ணே."

அவரே செவலையைக் கிடங்குக்குள் கூட்டிப் போனார். வாசல்படியில் அது தயங்கியது. இருட்டுக்குள் போகிற குதிரை எதுவும் தயங்கும். கழுத்தில் தட்டினார், போயிற்று. உள்ளே சேணத்தை இறக்குகிற சத்தம், வைக்கோலை உதறுகிற சத்தம் கேட்டது. நான் சிவப்புத் துணி கட்டிய வாளியில் தண்ணீர் நிரப்பிப் படியில் வைத்தேன். அவர் கை வந்து எடுத்துக்கொண்டு போயிற்று. மாத்திரையை நீட்டினேன், அதையும் எடுத்துக்கொண்டது.

பெரியத்தான் கதவருகே நின்று, கட்டிவிட்டு வெளியே வாடா என்றார். முதுகு தேய்த்துவிட்டு வருகிறேன் என்றார் அத்தான். கொஞ்ச நேரம் கழித்துப் பெரியத்தான் மறுபடி கூப்பிட்டார். வைக்கோலில் யாரோ படுக்கிற சத்தம்தான் பதில். உள்ளே இருமல் கேட்டது. குதிரையா மனிதனா என்று அந்த இருட்டில் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"வெளிய வருவானாடா?" என்று பெரியத்தான் என்னிடம் கேட்டார்.

"வரமாட்டார். வெளிச்சம் வர்றதுக்குள்ள அதையும் கூட்டிட்டுக் கிளம்பிடுவார்."

அவர் வீட்டுக்குப் போய்ப் பூட்டு எடுத்து வந்தார். என்னையும் அந்த இரவு யாரோடும் சேராமல் வெளிக் கொட்டகையில் சோம்பேறியோடு படுக்கச் சொன்னார், சாப்பாடு தூரத்தில் வைப்பதாகச் சொன்னார். சரி என்றேன். கதவை இரண்டு பேரும் சேர்ந்துதான் தள்ளினோம், அடிப்பக்கம் மண்ணில் சிக்கியிருந்தது. வெளிச்சம் உள்ளே ஒரு கோடாகக் குறைந்தபோது அத்தான் வைக்கோலில் மல்லாந்து படுத்திருந்தது தெரிந்தது. கண் திறந்திருந்தது. கதவு மூடுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், எழுந்திருக்கவில்லை.

பெரியத்தான் இரும்புப் பட்டையை இழுத்து மாட்டினார். பூட்டினார். இழுத்துப் பார்த்தார்.